ஊர் சுத்திட்டு வந்து சுவரைக் கெடுக்கிறவுகளுக்கு

கிரீஸுக்கு, அந்தச் சாந்தோரினித் தீவுக்குப் போயிட்டு வந்தியாம்ல அப்பு. நல்லது. போற வயசுதான். வந்த கையோட வீடு பூரா வெள்ளையடிச்சு, சன்னலுக்கு மட்டும் நீலம் பூசிட்டியாம். உங்க அம்மா போனு போட்டு, "மாமா, அடுப்படியில கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுத்தான் காய் நறுக்குறேன், அம்புட்டுக் கூசுது"ங்கிறா. கல்யாணமாகி வந்ததுல இருந்து வாயத் தொறந்து ஒரு குறை சொல்லாத புள்ள அது. அதையே பேச வச்சுட்ட பாரு. கெட்டிக்காரன்தான்.

அந்தத் தீவுல ஏன் வெள்ளையடிச்சாகன்னு அங்க யாரையாச்சும் கேட்டியா? எங்க கேட்டிருப்ப. பொழுது விழுகிறதப் படம் பிடிக்கவே நேரம் சரியா இருந்திருக்கும். நான் சொல்றேன் கேளு. சாந்தோரினி, எரிமலை வெடிச்சு மிஞ்சின தீவு. மரம் கம்மி, தண்ணி அதவிடக் கம்மி. மரமில்லாத ஊருல உத்தரத்துக்கு எங்க போறது? இறுகிக் கிடந்த எரிமலைச் சாம்பலக் குடைஞ்சு, உள்ள வீடு பண்ணிக்கிட்டாக. மேல வளைவுக் கூரை. வெயிலு மண்டையப் பொளக்கும், சுண்ணாம்பு அடிச்சா சூடு உள்ள இறங்காது. 1938-ல மெட்டாக்ஸாஸ்னு ஒருத்தரு ஆண்டுக்கிட்டிருந்தாரு. காலரா பரவாம இருக்க வீட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிங்கன்னு அவரு சர்க்காரு உத்தரவு போட்டுச்சு. சுண்ணாம்பு கிருமியக் கொல்லும்ல? நீலம் எங்க இருந்து வந்துச்சு? துணி வெளுக்கப் போடுற நீலப்பொடிய அந்தச் சுண்ணாம்புலயே கரைச்சு கதவு, சன்னல்ல தடவுனோம்னு அந்த ஊர்க்காரகளே சொல்றாக.

ஆக, வெயிலுக்கும் வாந்திபேதிக்கும் பயந்து அடிச்ச சுண்ணாம்பு அது. நீ அதப் பாத்துட்டு வந்து, காசக் கொட்டி பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சிருக்க. அந்த வெள்ளைக்கு ஒரு பேரு வேற வச்சு வித்திருக்கான். கடல்நுரையோ, மூடுபனியோ, என்னமோ.

உங்க அப்பத்தா பொங்கலுக்கு முந்துன வாரம் என்ன செய்வா? சுண்ணாம்பு ஊற வச்சு, ஒரு பொட்டு நீலம் கலந்து, மட்டையத் தட்டித் தூரிகை பண்ணி, சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு அவளே அடிப்பா. அன்னைக்கு அது பட்டிக்காடு. கிரீஸ்காரி அடிச்சா எஸ்தெட்டிக்கு. சரி, சரி. முறைக்காத.

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? கரண்டி பிடிச்ச கை சும்மா இருக்க மாட்டேங்குது. சாரத்துல ஏற முட்டி விட மாட்டேங்குது. நீதான போன வாங்கிக் குடுத்து நெட்டும் போட்டு விட்ட? ஒறக்கம் வராத கொத்தனாரு ராத்திரியில வேறென்னத்தப் பாப்பான்? உலகத்துல எவன் எவன் எப்படி வீடு கட்டுறான்னு பாக்குறேன். வேற சிலதும் பாக்குறேன், அது உனக்கெதுக்கு?

உன் கூட்டாளி ஒருத்தன் ஸ்வீடன் போயிட்டு வந்தான்ல. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஹாலுக்கு மேக்குப் பக்கம் தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. "வெளிச்சம் வேணும்ல தாத்தா"ங்கிறான். ஏண்டா, மதுரையில வெளிச்சத்துக்காடா பஞ்சம்? ஸ்டாக்ஹோம்ல மார்கழி மாசம் பகலே ஆறு மணி நேரந்தான். சாயங்காலம் மூணு மணிக்கெல்லாம் இருட்டிரும். அதான் சுவருக்கு வெள்ளை, தரைக்கு வெளுத்த பலகை, சன்னல்ல மெழுகுவத்தி, நாற்காலியில ஆட்டுத்தோலு. வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் வீட்டுக்குள்ள பிடிச்சு வைக்கிற பாடு அவுக பாடு. நாம வெயிலத் தாழ்வாரத்துலயே நிப்பாட்டி, அங்கிட்டே இருடான்னு சொல்றவுக. பய என்ன செஞ்சான்? கண்ணாடி வழியா வெயிலு வந்து சோபாத் துணி வெளுத்துருச்சு. அதுக்குக் கறுப்புத் திரை வாங்குனான். திரைய இழுத்தா இருட்டு. இருட்டுக்குப் பகல்ல லைட்டு. வெக்கைக்கு ஏசி. ஏசி குளுருக்கு அந்த ஆட்டுத்தோலு. இப்ப எல்லாம் சரியாப் போச்சாம்.

ஸ்வீடன் வீட்டழகுன்னு பேசுறவுக எல்லாரும் காட்டுற ஒரு பழைய வீடு இருக்கு. சுண்ட்போர்ன்னு ஒரு கிராமம். கார்ல் லார்சன்னு ஓவியரு, அவரு சம்சாரம் காரின். 1888-ல மாமனாரு குடுத்த சின்ன வீடு. மாமனாரு வீடு குடுத்தா வாங்கிக்கிறதுல அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் வித்தியாசம் இல்ல. அந்த அம்மா தறியில தானே துணி நெய்ஞ்சா. மேசை நாற்காலிக்கு அவளே வடிவம் சொல்லி உள்ளூரு ஆசாரியிட்டச் செய்யச் சொன்னா. அவரு கதவுலயும் சுவருலயும் படம் வரைஞ்சாரு. வீடு நெறையப் பிள்ளைக. அந்த வீட்டையே படமா வரைஞ்சு 1899-ல புத்தகம் போட்டாரு. அதப் பாத்துத்தான் ஊரு உலகமெல்லாம் மயங்குச்சு. பிள்ளைக ஏறி மிதிச்ச நாற்காலி அப்பு அது. உன் வீட்டு நாற்காலியில உட்காரப் போனா, "ஐயா, அது உட்காருறதுக்கு இல்ல"ங்கிற.

ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. சென் நோ ரிக்யூன்னு ஒரு டீ வாத்தியாரு இருந்தாரு. 1522-ல பொறந்தவரு. டீ குடிக்கிறதுக்குன்னே தனி அறை கட்டுனாரு. எம்புட்டுப் பெருசுன்னு நெனைக்கிற? அவரு கட்டுனதுன்னு சொல்ற தாய்-ஆன் அறையில ரெண்டே ரெண்டு பாய் விரிக்கலாம். ஒரு பாயி ஆறடிக்கு மூணடி. மண்ணுச் சுவரு. உள்ள போற வாசல் எலி வளைக்குக் கொஞ்சம் பெருசு. எம்மாம் பெரிய வீரனா இருந்தாலும் கத்தியக் கழட்டி வெளிய வச்சுட்டு, முட்டி போட்டுத்தான் உள்ள நுழையணும். நல்லா இருக்குல்ல? எனக்கே பிடிச்சுச்சு.

இப்பக் கேளு. அந்த நாட்ட அப்ப ஆண்டவன் ஹிதேயோஷி. ரிக்யூவத்தான் தன் டீ வாத்தியாரா வச்சிருந்தான். வாத்தியாருகிட்ட எளிமையக் கத்துக்கிட்டு அவன் என்ன செஞ்சான் தெரியுமா? பூராத் தங்கத் தகடு ஒட்டி ஒரு டீ அறை பண்ணுனான்! கழட்டி மாட்டுற அறை. 1586-ல அதத் தூக்கிக்கிட்டுப் போயி சக்கரவர்த்தி அரண்மனையில நட்டு வச்சுக் காட்டுனான். அஞ்சு வருசங் கழிச்சு அந்த வாத்தியாரையே, உன் உயிர நீயே மாய்ச்சுக்கன்னு உத்தரவும் போட்டான். என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் ஆளுக்கொண்ணு சொல்றாக. எளிமை மேல ஆசைப்பட்ட பணக்காரன் பக்கத்துல ரொம்ப நேரம் நிக்கக் கூடாது அப்பு.

உன் ஹாலும் ரிக்யூ வழிதான்னு சொன்ன. பாத்தேன். ஒரு பாயி, ஒரு ஜாடி, ஜாடியில ஒரு காஞ்ச குச்சி. குச்சிக்கு எம்புட்டு குடுத்தன்னு நான் கேக்கல, நீயாத்தான் சொன்ன. எனக்குத்தான் நெஞ்சு அடைச்சுச்சு. நம்ம கருவேலங்காட்டுல... சரி விடு. ஹாலு பாக்க அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்படாது. அப்புறம் பாத்ரூம்னு நெனச்சுப் பக்கத்துக் கதவத் தொறந்தேன். தேய்ப்புப் பலகை வந்து காலுல விழுந்துச்சு. அதுக்குப் பின்னாடி பெட்டிக, மிக்சி வந்த அட்டை டப்பா, ஓடுற மிசினு, உங்க அம்மாவோட பித்தளை அண்டா, போன வருசக் கொலு பொம்மை. ஒண்ணுமில்லாத ஒரு ஹாலுக்காக எல்லாம் அடைச்ச ஒரு ரூமு கட்டியிருக்க. ஹாலுல யாரும் இருக்கிறதில்ல. எல்லாரும் அடுப்படியில நின்னுக்கிட்டே பேசுறீக.

உன் பாத்ரூமுக்குன்னு பிடிச்சுட்டு வந்த பாலியப் பத்திப் பேசவே வேணாம். அங்க பாத்ரூமுக்குக் கூரை பாதிதான், மழை உள்ள விழுகும், செடி வளரும். சுத்திலும் தோட்டம், மதிலு. உனக்கு இருக்கிறது எட்டாவது மாடியில நாலுக்கு ஆறு. அதுல கூழாங்கல்லு பதிச்சு வச்சிருக்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சோப்புத் தண்ணி நின்னு பாசி பிடிக்குது. பல்லு விளக்குற பிரஷ்ஷ வச்சு அதத் தேய்க்கிறது யாரு? நீயா? வேலைக்கு வர்ற அம்மா என்கிட்டச் சொல்லி அழுகுது. அப்புறம் பால்கனியில ஒரு புத்தர் தலை. தலை மட்டும். பாலிக்காரக பெரும்பாலும் இந்துக்க. உடம்பு எங்கப்பான்னு கேட்டா, "இது டெக்கார்"ங்கிற.

ஊரு சுத்துறதே தப்புன்னு இந்தக் கிழவன் சொல்றான்னு நெனைக்காத. எங்க பக்கத்து நகரத்தாருக, அதான் செட்டிநாட்டுச் செட்டியாருக, சுத்தாத ஊரா? ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சைகோன், கொழும்பு. லேவாதேவிக்குப் போனவுக, கண்ணுல பட்டதையெல்லாம் கப்பல்ல ஏத்துனாக. பர்மாவுல இருந்து தேக்கு. இத்தாலியில இருந்து பளிங்கு. பெல்ஜியத்துல இருந்து கண்ணாடி. ஸ்வீடன்ல இருந்து எனாமல் பாத்திரம், ஜப்பான்ல இருந்து பீங்கான். உன் இன்டீரியர்காரன் கையில வச்சிருக்கிற புத்தகத்துல உள்ள நாடெல்லாம் காரைக்குடிக்கு அப்பவே வந்துருச்சு.

வீடு என்னாச்சு? இங்கதான் கவனி. தேக்கு பர்மாத் தேக்குதான். ஆனா அது நின்னது வளவச் சுத்தி. முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லைன்னு வரிசை மாறல. இந்தத் தெருவுல வாசல்னா அடுத்த தெருவுல கொல்லை. நடுவுல வானத்தப் பாத்த முற்றம். மழை பெய்ஞ்சா நாலு பக்கத்து ஓடும் தண்ணிய அதுல இறக்கும். வெயிலடிச்சா வத்தல் காயும். கல்யாணம்னா அங்கேயே மணவறை. பெல்ஜியம் கண்ணாடி எம்புட்டுப் பெருசா இருந்தாலும் சுவருலதான் தொங்கணும், முற்றத்த மறைக்கக் கூடாது. வெளிநாட்டுச் சாமான் வீட்டுக்குத் தக்கன நடந்துக்கிட்டுச்சு. உன் வீட்டுல நீங்க சாமானுக்குத் தக்கன நடக்கிறீக, அதுவும் ஓரமா.

சுவருப் பூச்சு இருக்கே, அது எங்க தொழிலு. சுண்ணாம்ப அரைச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணி சேத்து, பூச்சுக்கு மேல பூச்சாப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழுவழுப்பான கல்ல வச்சுத் தேய்க்கணும். தேய்க்கணும்னா, கை கழண்டு விழுகிற வரைக்கும் தேய்க்கணும். அதுக்கப்புறம் பெயின்டே வேணாம். சித்திரை வெயில்ல கன்னத்த வச்சுப் பாரு, சில்லுனு இருக்கும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு. கல்லுன்னு சொல்றதுதான், சூளையில சுட்டது இல்ல. ஒரு கண்ணாடித் துண்டு மேல இரும்புச் சட்டத்த வப்பாக. சட்டத்துக்குள்ள பூப்போட்ட அச்சு. அச்சுக் கட்டத்துக்கு ஒரு நிறமாச் சாயச் சிமென்டுக் குழம்ப ஊத்துவாக. அச்ச அலுங்காமத் தூக்குவாக. அந்த இடத்துலதான் கை நடுங்கப்படாது. அதுக்கு மேல காஞ்ச சிமென்டும் மணலும் தூவி, ஈரக் கலவைய அப்பி, மட்டம் பண்ணிக் காய வச்சு, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப் போடுவாக. கண்ணாடிய ஒட்டிக் கிடந்த பக்கந்தான் மேல் பக்கம், அதான் அந்த வழவழப்பு. காலு பட பட மெருகு ஏறும். நீ மொராக்கோத் தரைன்னு சொல்லிச் சென்னையில ஒரு ஷோரூமுல வாங்குனியே, அதுவும் இதுக்குச் சொந்தக்காரன்தான். காரைக்குடியில இருந்து பஸ்ஸுல ஏறுனா ஆத்தங்குடி கொஞ்ச தூரம். பஸ்ஸுல போனா போட்டோ நல்லா வராதோ?

நகரத்தாருக்கும் பவுசு இல்லாம இல்ல. முகப்புக்கு மேல கஜலெச்சுமி உக்காந்திருப்பா, பக்கத்துல துப்பாக்கி பிடிச்ச வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையில நிப்பான். லெச்சுமிக்கு அவன் என்ன முறை? இன்னைக்குப் பல வீட்டுல ஒரே ஒரு ஆச்சி, ஒரு சாவிக்கொத்து. பெல்ஜியம் கண்ணாடியில புறா முகம் பாக்குது. 1942-ல ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள நுழைஞ்சான், சனம் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்து சேந்துச்சு. போட்ட முதலு அங்கேயே கிடந்துச்சு. அப்புறம் பங்காளிக்குப் பங்காளி வழக்கு. பல வீட்டக் கழட்டியே வித்தாக. தூணு தனி, நிலை தனி, உத்தரம் தனி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல நடந்து பாரு, ஒரு வீட்டோட சன்னலும் இன்னொரு வீட்டோட ஊஞ்சப் பலகையும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்கும். அதெல்லாம் பூசினவன், இழைச்சவன், தூக்குனவன் பேரு எந்தக் கடைச் சீட்டுலயும் இருக்காது. எங்க அப்பன் பூசின சுவரு ஒண்ணும் அப்படித்தான் தூளாப் போச்சு. விடு.

அங்கதான நீ தூணு வாங்குன? ஒத்தத் தூணு. எட்டாவது மாடிக்கு லிஃப்டுல போகாம ஆளு வச்சுத் தூக்கியிருக்க. அது எதத் தாங்குதுன்னு கேட்டேன். "எதையும் தாங்கல ஐயா, சும்மா ஒரு லுக்கு"ன்ன. அது பாவம், கல்யாண வீட்டுல யாரையும் தெரியாத விருந்தாளியாட்டம் மூலையில நிக்குது.

தூண வாங்கி வைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான், அவனப் பாக்கணும்னா கொழும்புக்குப் போ. ஜெஃப்ரி பாவான்னு பேரு. மொதல்ல வக்கீலு. ஊரெல்லாம் சுத்துனான். இத்தாலியில ஏரிக்கரையில ஒரு மாளிகை வாங்கிக் குடியேறணும்னு ஆசை, அது கூடி வரல. திரும்பி வந்து 1948-ல பெந்தோட்டைப் பக்கம் கைவிட்ட ரப்பர் தோட்டம் ஒண்ண வாங்குனான். அதான் லுனுகங்கா. அந்த இத்தாலித் தோட்டத்த இங்க கொண்டு வரணும்னு நெனச்சானே ஒழிய, இத்தாலிச் செடிய நட்டு வாட விடல. அவன் ஊரு மரம், அவன் ஊரு மழை. குன்ற வெட்டி ஏரி தெரிய வச்சான். மரக்கிளையில பாரம் கட்டித் தொங்க விட்டு வேணும்கிற பக்கம் வளைச்சான். இந்தக் கிறுக்குல முப்பத்தெட்டு வயசு வாக்குலதான் கட்டடக்கலை படிச்சு முடிச்சான். வருசக்கணக்கா அந்தத் தோட்டத்த மாத்தி மாத்தி அமைச்சுக்கிட்டே இருந்தான். உன் இன்டீரியர்காரன் நாப்பத்தஞ்சு நாள்ல சாவியக் குடுத்துடுறேன்னான்ல?

கொழும்புல 33-ஆவது சந்துல பாவா வீடு இருக்கு. சின்னச் சின்னதா இருந்த நாலு வீட்ட ஒண்ணொண்ணா வாங்கிச் சேத்து ஒண்ணாக்குனது. உள்ள போனா, தண்ணித் தொட்டி ஓரத்துல வானம் தெரியிற சின்ன முற்றத்துல தூணு நிக்கும். நம்ம செட்டிநாட்டுத் தூணு! அங்க அது நிக்க வேண்டிய இடத்துல நிக்குது. உலகத்துல உள்ள ஸ்டைலான ஆளுக எல்லாம் டிக்கெட்டு எடுத்துப் போயி அதப் பாத்துட்டு, ஆகா ஓகோன்னு வர்றாக. நீயும் போயி வந்து எனக்கு அந்தப் படத்த அனுப்புன, "ஐயா, கொழும்பு ஸ்டைல்"னு. நான் ஒண்ணும் சொல்லல. பொக்கை வாயோட சிரிச்சேன். மதுரையில கோச்சடைப் பக்கம் அதே பாவா கட்டுன கிளப்பு ஒண்ணு இருக்கு, எழுபதுகள்ல கட்டுனது, இப்ப ஓட்டலு. உன் வீட்டுல இருந்து ஆட்டோவுல போகலாம். ஆட்டோவுல போற இடம் எப்படி இன்ஸ்பிரேஷன் ஆகும், இல்லையா?

அம்மிக்கல்ல ஹாலுல வச்சு மேல ஒரு மணிபிளான்ட் வச்சிருக்க. உருளியில பூவ மிதக்க விட்டிருக்க, பூவுக்கடியில கொசு முட்டை விட்டிருக்கு. பாயசம் எதுல காய்ச்சுறதுன்னு உங்க அம்மா தேடுறா. இப்ப அலமாரிப் புத்தகத்தையெல்லாம் நிறம் பாத்து அடுக்கியிருக்கியாம். போன தீவாளிக்குக் கேட்ட பஞ்சாங்கம் இன்னும் கிடைக்கலன்னா, அது மஞ்சள் வரிசையிலதான் இருக்கும், போயிப் பாரு.

அடுத்த மாசம் மொராக்கோவாம்ல? போயிட்டு வா. மாரகேஷ்ல ரியாத்துன்னு சொல்ற வீடுக இருக்கு. தெருவுல நின்னு பாத்தா வெறும் சுவரு, ஒரு கதவு. காசு எம்புட்டு இருக்குன்னு வெளிய தெரியவே தெரியாது. அழகெல்லாம் உள்ள, முற்றத்தச் சுத்தி. நம்ம ஆளுக்கு ஆகாத வீடு அது, உள்ள எல்லாம் வச்சுக்கிட்டு வெளிய காட்டாம இருக்க உனக்கு முடியுமா? அங்க கம்பளம் விக்கிறவன் டீ குடுப்பான், புதினா போட்டு, நல்லா இருக்குமாம். குடிச்சுட்டு, அவன் சொல்ற விலையில பாதியக் கேளு. பாதிக்கு அவன் சட்டுனு ஒத்துக்கிட்டா வாங்காத, இறங்கிப் போ.

எனக்கு ஒண்ணும் வேணாம். வேணும்னா ஒரு நாற்காலி. முதுகு சாயிற நாற்காலி, கை வச்சது, எழுந்திரிக்கிறப்பப் பிடிச்சுக்கத் தோதா. மொராக்கோவுல வேணாம், புதுக்கோட்டை ரோட்டுல பிளாஸ்டிக்குல விக்கிறான். ஹாலுல போடக் கூடாதுன்னா அந்த எல்லாம் அடைச்ச ரூமுல போடு, உங்க அம்மாவும் அங்கதான் இருக்கா. பேசிக்கிட்டு இருப்போம்.